சொட்டு மருந்தின் கணக்கு

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு தை மாதம். என் பெரியம்மா களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தபோது வலக் கண்ணில் உமி ஒன்று விழுந்தது. கசக்கினார், தண்ணீரால் கழுவினார், போய்விட்டது என்று வேலையைத் தொடர்ந்தார். மறுநாள் கண் சிவந்தது. பக்கத்து வீட்டில் யாருக்கோ கண்புரை அறுவை நடந்தபின் மிச்சமிருந்த சொட்டு மருந்துக் குப்பி ஒன்று கிடைத்தது. காலையில் ஒரு சொட்டு, நினைவு வந்தால் மாலையில் ஒரு சொட்டு என்று ஐந்து நாட்கள் ஓடின. ஆறாம் நாள் கருவிழியின் மேல் பச்சரிசி அளவில் ஒரு வெண்புள்ளி தெரிந்தது. அன்றுதான் எனக்குச் செய்தி வந்தது.

மருத்துவமனையில் டாக்டர் அம்மையார் அந்தப் புள்ளியின் ஓரத்தை மெல்லிய கத்தியால் சுரண்டி எடுத்து, சோதனைச்சாலைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை காத்திராமல் அன்றிரவே இரண்டு மருந்துகளைத் தொடங்கினார். இரண்டும் கடையில் கிடைப்பவை அல்ல. மருத்துவமனையிலேயே வீரியம் கூட்டித் தயாரித்தவை. அரை மணிக்கு ஒரு முறை, இரவு பகல் பாராமல் ஊற்ற வேண்டும். தூங்கினால் எழுப்பி ஊற்ற வேண்டும்.

மூன்றாம் நாள் சோதனை முடிவு வந்தது. நோய்க்குக் காரணம் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா. அதன் கீழே மருந்துகளின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக ஓர் எழுத்து. 'எஸ்' என்றால் மருந்துக்குக் கட்டுப்படும். 'ஆர்' என்றால் எதிர்த்து நிற்கும். டோப்ராமைசின் என்ற மருந்துக்கு நேராக 'ஆர்' என்று இருந்தது. இரண்டு இரவுகளாக நாங்கள் ஊற்றிக்கொண்டிருந்ததே அந்த மருந்துதான்! இன்னொரு மருந்தான செஃபசோலின் வேறு வகைப் பாக்டீரியாக்களுக்காகச் சேர்க்கப்பட்டது. சூடோமோனாஸை அது இயல்பாகவே ஒன்றும் செய்யாது.

தாளை எடுத்துக்கொண்டு ஓடினேன். டாக்டர் அமைதியாகச் சொன்னார்: "சார், தாளை அப்புறம் பார்க்கலாம். முதலில் கண்ணைப் பாருங்கள்." கண் பரிசோதிக்கும் நுண்ணோக்கி வழியே எனக்குக் காட்டினார். புண்ணின் ஓரம் கூர்மையாகியிருந்தது, அளவும் குறைந்திருந்தது. "இது சுருங்குகிற வரை மருந்தை மாற்ற மாட்டேன். நின்றுவிட்டால் செஃப்டசிடிம் இருக்கிறது" என்றார்.

எதிர்த்து நிற்கும் பாக்டீரியா எப்படிச் செத்துக்கொண்டிருக்கிறது? இயற்பியல் பாடம் நடத்தும் எனக்கு இது உறுத்தலாக இருந்தது. அரை மணிக்கு ஒரு முறை விழித்திருக்க வேண்டிய வேலையும் இருந்ததால், பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தக் கணக்கைத்தான் இப்போது உங்களுடன் சேர்ந்து போட்டுப் பார்க்கப் போகிறேன்.

எழுத்துக்குப் பின்னால் ஓர் எண்

கண்ணின் முன்புறத்தில், கருவிழியை மூடியுள்ள கண்ணாடி போன்ற படலத்துக்குக் கார்னியா என்று பெயர். ஏறத்தாழ அரை மில்லி மீட்டர் தடிப்பு. ஒளி தடையின்றிப் போக வேண்டும் என்பதால் இதில் இரத்தக் குழாய்களே கிடையாது. இதில் புண் வந்து ஆறினால் அந்த இடம் வெண்தழும்பாகிவிடும். தழும்பு நடுவில் அமைந்தால் பார்வை போயிற்று. சூடோமோனாஸ் வந்தாலோ இன்னும் மோசம்; அதன் நொதிகள் ஓரிரு நாட்களிலேயே கார்னியாவைக் கரைத்து ஓட்டை போட்டுவிடக் கூடும்.

இது அபூர்வமான நோய் என்று எண்ண வேண்டாம். 1994ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மட்டும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கார்னியாப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இருவருக்குத் தொடக்கம் ஒரு சிறு காயம்தான். அதுவும் பெரும்பாலும் வயல் வேலையில் ஏற்பட்டது. பாக்டீரியாவால் வந்த புண்ணும் பூஞ்சையால் வந்த புண்ணும் கிட்டத்தட்ட சரிபாதியாக இருந்தன. பூஞ்சைப் புண்ணுக்குப் பாக்டீரியா மருந்தை லிட்டர் கணக்கில் ஊற்றினாலும் பயனில்லை. டாக்டர் முதலில் சுரண்டி எடுத்ததன் காரணம் இதுவே.

சரி, 'ஆர்' என்ற எழுத்தை எப்படி முடிவு செய்கிறார்கள்? வரிசையாகச் சோதனைக் குழாய்களை வைத்து, மருந்தை ஒவ்வொன்றிலும் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போகிறார்கள். ஒரு மில்லி லிட்டரில் 64 மைக்ரோகிராம், அடுத்து 32, 16, 8, 4 என்று. எல்லாவற்றிலும் ஒரே அளவு பாக்டீரியாவை விட்டு ஓர் இரவு வைத்தால், மருந்து போதாத குழாய்கள் கலங்கிவிடும். கலங்காமல் தெளிவாக நிற்கும் குழாய்களில் எதில் மருந்து மிகக் குறைவோ, அந்த எண்தான் பாக்டீரியாவை அடக்கத் தேவையான குறைந்தபட்சச் செறிவு. பெரியம்மாவின் பாக்டீரியாவுக்கு அது 32.

இந்த எண் ஓர் எல்லையைத் தாண்டினால் 'ஆர்' என்று எழுதுகிறார்கள். அந்த எல்லை எங்கிருந்து வந்தது? இங்கேதான் முடிச்சு இருக்கிறது. நுரையீரலிலோ இரத்தத்திலோ நோய் வந்த ஒருவருக்கு டோப்ராமைசினை ஊசியாகப் போட்டால், இரத்தத்தில் ஒரு மில்லி லிட்டருக்கு ஐந்து, பத்து, மிஞ்சினால் இருபது மைக்ரோகிராம் அளவே சேரலாம். அதற்கு மேல் ஏற்றினால் சிறுநீரகமும் காதும் கெட்டுவிடும். ஆகவே 32 தேவைப்படும் பாக்டீரியாவை உடம்புக்குள் அடக்க முடியாது; 'ஆர்' என்பது சரிதான். ஆனால் அது இரத்தத்துக்குச் சொன்ன தீர்ப்பு. கண்ணில் நாம் மருந்தை இரத்தத்தின் வழியாக அனுப்பவில்லையே! நேரே மேலே ஊற்றுகிறோம்.

எங்கள் குப்பியில் இருந்த மருந்தின் செறிவு மில்லி லிட்டருக்கு 14 மில்லிகிராம். மைக்ரோகிராமில் சொன்னால் 14,000. தேவை 32. இரண்டுக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள்.

கண்ணீர் என்னும் எதிரி

இத்தனை செறிவு இருக்கும்போது ஒரு நாளைக்கு ஒரு சொட்டு போதாதா என்று நீங்கள் கேட்கலாம். கண்ணீர் விடாது.

ஒரு சொட்டு ஏறத்தாழ 50 மைக்ரோலிட்டர். கண்ணின் மேல் எப்போதும் இருக்கும் கண்ணீர் ஏறத்தாழ 7 மைக்ரோலிட்டர்தான். இரண்டும் கலந்ததும் செறிவு 12,000 அளவுக்கு வருகிறது. இமை தாங்கக்கூடியது 30 மைக்ரோலிட்டருக்கு மேல் இல்லை; மீதி கன்னத்தில் வழிகிறது, அல்லது மூக்குக்குள் இறங்குகிறது. (சொட்டு மருந்து விட்டபின் தொண்டையில் கசப்பது இதனால்தான்.) அதன் பிறகு நிமிடத்துக்கு ஏறத்தாழ 16 விழுக்காடு என்ற வேகத்தில் பழைய கண்ணீர் வடிந்து புதிய கண்ணீர் ஊறுகிறது.

கதிரியக்கப் பாடத்தில் அரை ஆயுட்காலம் படித்திருப்பீர்கள். அதே கணக்குதான் இது. நிமிடத்துக்கு 16 விழுக்காடு குறைந்தால், நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை செறிவு பாதியாகும். 12,000 என்பது 20 நிமிடத்தில் 375 ஆகிறது. 40 நிமிடத்தில் 12க்கும் கீழே போகிறது. ஒரு மணி நேரத்தில் அரை மைக்ரோகிராம்கூட இல்லை. 32 என்ற கோட்டை எப்போது தாண்டி இறங்குகிறது? போட்டுப் பாருங்கள்; ஏறத்தாழ 34 நிமிடம் வரும்.

இரவு இரண்டு மணிக்கு இந்த விடை வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரை மணிக்கு ஒரு முறை என்று டாக்டர் எழுதிய சீட்டு மேசை மேல் இருந்தது.

இன்னொன்றையும் பார்த்தேன். கடையில் விற்கும் சாதாரண டோப்ராமைசின் சொட்டு மருந்து 0.3 விழுக்காடு, அதாவது மில்லி லிட்டருக்கு 3,000 மைக்ரோகிராம். எங்கள் மருந்து அதைப்போல நாலரை மடங்குக்கு மேல். இதே கணக்கைச் சாதாரண மருந்துக்குப் போட்டால் 25 நிமிடம் வருகிறது. நாலரை மடங்கு வீரியத்தால் கண்ணீரில் கூடுதலாகக் கிடைத்தது ஒன்பதே நிமிடம்! அரை ஆயுள் விதி அப்படிப்பட்டது. அப்படியானால் வீரியம் கூட்டுவது வீணா? இல்லை. மருந்து கார்னியாவுக்குள் ஊறிச் செல்வது ஊடுபரவலால். வெளியே செறிவு எத்தனை மடங்கோ, உள்ளே ஊறும் வேகமும் அத்தனை மடங்கு. கண்ணீரிலிருந்து மருந்து கழுவப்பட்டபின் உள்ளே ஊறியது சிறிது நேரம் தங்கி வேலை செய்யும். பாக்டீரியா இருப்பதும் அங்கேதானே! மேலும் நல்ல கண்ணில் கார்னியாவின் மேல்தோல் இத்தகைய மருந்தைத் தடுத்து நிறுத்தும். புண்பட்ட இடத்தில் அந்தத் தோல் இல்லை. புண்ணே மருந்துக்குக் கதவைத் திறந்துவிடுகிறது.

என் கணக்கு தோராயமானதுதான். சிவந்து எரியும் கண்ணில் கண்ணீர் இன்னும் வேகமாகக் கழுவும். வீரியத்தையும் விருப்பம்போல் ஏற்ற முடியாது; செறிவான மருந்து கண்ணை எரிக்கும், புதிதாக வளரும் தோலையே அரிக்கும். பெரியம்மா ஒவ்வொரு சொட்டுக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, மிளகாய்த் தண்ணியா ஊத்துற?" என்று கேட்பார்.

ஷெஃபீல்டில் நடந்தது

கண்ணுக்குச் சாதகமான இந்தக் கணக்கு, எதிர் உயிரி மருந்துகளின் வரலாற்றிலேயே முதல் பக்கத்தில் இருக்கிறது. ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டது 1928இல். அது மருந்தாகப் பயன்பட்டது இரண்டாம் உலகப் போரின்போது என்று நாம் படிக்கிறோம். ஆனால் 1930இலேயே இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகர மருத்துவமனையில் செசில் பெயின் என்ற இளம் மருத்துவர், ஃபிளெமிங்கிடமிருந்து பூஞ்சையை வாங்கி வளர்த்து, அது ஊறிய நீரை வடிகட்டிக் கண்களில் விட்டுப் பார்த்தார். பிறந்த சில நாட்களிலேயே கண்ணில் சீழ் பிடித்த குழந்தைகள் குணமடைந்தனர். நிலக்கரிச் சுரங்க மேலாளர் ஒருவரின் கண்ணில் கல் துணுக்கு பாய்ந்து பாக்டீரியா தொற்றியிருந்தது, அந்த நீரால் தொற்று அடங்கியபின் துணுக்கை எடுத்தார்கள், பார்வை பிழைத்தது. பெயின் இதைக் கட்டுரையாக வெளியிடவே இல்லை. என்ன அடக்கமோ, அலட்சியமோ!

பதினொரு ஆண்டு கழித்து, 1941 பிப்ரவரியில், ஆக்ஸ்ஃபோர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்குத் தூய்மைப்படுத்திய பெனிசிலினை ஊசியாகப் போட்டார்கள். நோய் முகமெங்கும் பரவி, ஒரு கண்ணை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தார்கள். ஊசி போட்டதும் தேறினார். ஆனால் ஐந்து நாளில் இருந்த மருந்தெல்லாம் தீர்ந்துவிட்டது. அவரது சிறுநீரிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து மீண்டும் போட்டும் போதவில்லை, மார்ச்சில் இறந்துபோனார். மனித உடம்பில் உள்ள நீர் ஏறத்தாழ நாற்பது லிட்டர். முழுக் கார்னியாவின் கன அளவோ ஒன்றிரண்டு சொட்டு. பெயினின் வடிகட்டிய நீர் போதுமானதாக இருந்ததும், ஆக்ஸ்ஃபோர்டின் தூய மருந்து போதாமல் போனதும் ஏன் என்று இப்போது விளங்குகிறதா?

புண் கார்னியாவோடு நிற்காமல் கண்ணுக்குள்ளேயே தொற்றிவிட்டால் சொட்டு மருந்து எட்டாது. அப்போது மெல்லிய ஊசியால் விழிக்கோளத்துக்குள் பத்தில் ஒரு மில்லி லிட்டர் மருந்தைச் செலுத்துகிறார்கள். வான்கோமைசின் என்றால் ஒரே ஒரு மில்லிகிராம். உள்ளே இருக்கும் கூழ்மத்தின் அளவு 4 மில்லி லிட்டர். வகுத்துப் பாருங்கள்: மில்லி லிட்டருக்கு 250 மைக்ரோகிராம். பொதுவாகத் தேவைப்படுவது ஒன்றோ இரண்டோ. அங்கே கண்ணீர் கழுவாததால் அரை மணிக்கு ஒரு முறை என்ற பேச்சும் இல்லை.

எண் ஏறும்போது

இதைப் படித்துவிட்டு, கண்ணைப் பொறுத்தவரை எதிர்ப்பு ஆற்றல் ஒரு பொருட்டல்ல என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எண் 32 ஆக இருந்தபடியால் நாங்கள் தப்பினோம். அது ஏறிக்கொண்டே போகும்.

2006 முதல் 2010 வரை 500 கார்னியாப் புண் நோயாளிகளிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அமெரிக்க ஆய்வாளர்களும் அரவிந்த் மருத்துவர்களும் சேர்ந்து நடத்தியது. நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் மதுரை, கோவை, திருநெல்வேலியில் சிகிச்சை பெற்றவர்கள். எல்லோருக்கும் மாக்சிஃப்ளாக்சசின் என்ற சொட்டு மருந்து தரப்பட்டது. அடக்கத் தேவையான எண் கூடக் கூடப் புண் மெதுவாக ஆறியது. 'எஸ்', 'ஆர்' என்ற இரண்டே எழுத்துகளில் அடங்காத செய்தி இது. எண்ணோடு சேர்ந்து நோயும் படிப்படியாக மோசமாகிறது. மற்றொன்று: மருத்துவமனைக்கு வரும்போதே இந்த வகை மருந்தை ஏற்கெனவே விட்டுக்கொண்டிருந்தவர்களின் பாக்டீரியாவுக்கு அந்த எண் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது.

பக்கத்து வீட்டுக் குப்பியை நினைத்துக்கொண்டேன். காலையில் ஒரு சொட்டு, மாலையில் ஒரு சொட்டு. சொட்டு விட்ட சிறிது நேரம் செறிவு கோட்டுக்கு மேலே. மீதிப் பன்னிரண்டு மணி நேரமும் கீழே. கோடிக்கணக்கான பாக்டீரியாக்களில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும் குணமுள்ளவை மட்டும் எஞ்சி, அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் பெருகுகின்றன. சில பாக்டீரியாக்கள் உள்ளே வந்த மருந்தை இறைத்து வெளியேற்றும் பம்புகளை வைத்திருக்கின்றன. சில, மருந்து போய் ஒட்ட வேண்டிய இடத்தின் வடிவத்தையே மாற்றிக்கொள்கின்றன. இவற்றைச் செறிவால் வெல்ல ஓரளவு வாய்ப்பு உண்டு. மூன்றாவது வகைதான் அச்சுறுத்துகிறது: மருந்தையே வெட்டிப் போடும் நொதியைச் செய்பவை. ஒரு நொதி மூலக்கூறு ஒன்றை வெட்டிவிட்டு அடுத்ததற்குப் போகும், தானும் தேயாது. எத்தனை ஊற்றினாலும் தின்று தீர்க்கும்.

அப்படிப்பட்ட ஒரு சூடோமோனாஸ் 2022, 2023ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் பரவியது. வறண்ட கண்ணுக்கு விடும் செயற்கைக் கண்ணீர்க் குப்பிகளிலிருந்து அது வந்ததென்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கண்டறிந்தது. அந்தக் குப்பிகள் தயாரானது நம் சென்னைக்கு அருகில் என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. 18 மாநிலங்களில் 81 பேருக்குத் தொற்று. 14 பேர் பார்வை இழந்தனர், நால்வரின் விழிக்கோளத்தையே அகற்ற வேண்டியதாயிற்று, நால்வர் இறந்தனர். கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கார்பபெனெம் வகை மருந்துகளையும் அந்தப் பாக்டீரியாவின் நொதிகள் வெட்டின.

சோதித்ததில் செஃபிடெரோகால் என்ற மருந்துக்கு அது கட்டுப்பட்டது. இதன் தந்திரம் சுவையானது. பாக்டீரியாவுக்கு இரும்பு வேண்டும். அதைப் பிடித்து உள்ளே கொண்டுவரத் தனிப் பாதையே வைத்திருக்கிறது. இந்த மருந்து இரும்பை ஒட்டிக்கொண்டு அந்தப் பாதை வழியாகவே உள்ளே போகிறது. நொதிகளாலும் எளிதில் வெட்ட முடிவதில்லை. இதைச் சொட்டு மருந்தாக்கி முயல்களின் கண்ணில் சோதித்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். மனிதக் கண்ணுக்கு அது வழக்கமான மருந்தாக இன்னும் பல படிகள் இருக்கின்றன.

என் பாடத்துக்கு நெருக்கமான ஒரு முறையும் உண்டு. ரிபோஃப்ளேவின் என்னும் பி-2 வைட்டமினைக் கார்னியாவில் ஊறவைத்து, 365 நானோமீட்டர் புறஊதா ஒளியை, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3 மில்லிவாட் வீதம் 30 நிமிடம் பாய்ச்சுவது. மொத்தம் 5.4 ஜூல். ஒளியை உறிஞ்சிய வைட்டமின் வீரியமுள்ள ஆக்சிஜனை உண்டாக்க, அது பாக்டீரியாவைத் தாக்குகிறது. பம்போ நொதியோ அதைத் தடுக்காது. கார்னியா கூம்பாகப் புடைக்கும் நோய்க்காக ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவான முறை இது. புண்ணுக்கும் இது வெற்றி பெற வேண்டும் என்று ஓர் இயற்பியல்காரனாக எனக்கு ஆசைதான். ஆனால் பூஞ்சைப் புண்ணில் முறைப்படி சோதித்தபோது பயன் இல்லை. பார்வை சற்று மோசமானதாகவே தெரிந்தது. பாக்டீரியாப் புண்ணிலும் மருந்தின் இடத்தை அது பிடிக்கவில்லை.

இவற்றையெல்லாம்விட எளிய ஒரு செய்தி நேபாளத்திலிருந்து வந்தது. பக்தபூரில் கிராமத் தொண்டர்களுக்கு, கண்ணில் ஒரு சாயத் தாளைத் தொட்டு நீல விளக்கால் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். கார்னியாவில் கீறல் இருந்தால் அந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். கீறல் கண்டவர்களுக்குக் குளோராம்ஃபெனிகால் களிம்பை நாளைக்கு மூன்று வேளை வீதம் மூன்று நாள் போட்டார்கள். 2001இல் வெளியான அந்த ஆய்வின்படி, காயம் பட்ட 18 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் உண்டாகவில்லை. களிம்பு மிகப் பழையது, விலை மலிவு. பாக்டீரியா வேர் பிடிக்குமுன், கண்ணைப் பார்த்தபின், முழு அளவில் கொடுத்தார்கள் என்பதே வேறுபாடு. பெரியம்மா வந்தது ஆறாம் நாள்.

ஐந்தாம் நாள் மருந்தை மணிக்கு ஒரு முறை ஆக்கினார்கள். இரண்டாவது வாரம் இரண்டு மணிக்கு ஒரு முறை. செஃப்டசிடிம் தேவைப்படவில்லை. ஆறு வாரத்தில் புண் மூடியது. தழும்பு நடுவிலிருந்து சற்று ஒதுங்கி அமைந்ததால் பெரியம்மாவால் அந்தக் கண்ணால் பஸ்ஸின் எண் பலகையைப் படிக்க முடிகிறது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

அடுத்த அறுவடைக்கு முன் தொலைபேசியில் கூப்பிட்டு, "தம்பி, பவர் இல்லாத கண்ணாடி ஒண்ணு வாங்கிட்டு வா" என்றார். பட்டறையில் போடும் பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்று வாங்கிப் போனேன். களத்தில் எல்லோரும் சிரித்தார்களாம். மாசி மாதம் மீண்டும் கூப்பிட்டு, இன்னும் நான்கு வேண்டும் என்றார்.